அயல்நாட்டில் நெடுநாள் தங்க விசாக் கேட்டல்

(ஆண்டு விழாவின் இரண்டாம் நாள் மாலை நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நேற்று மாலை இதே மேடையில் கம்பனைக் கேட்டோம். இன்று காலை குழந்தைகளின் நாடகத்தைக் கண்டு மகிழ்ந்தோம். அவற்றின் பின்னே வந்து நின்று பாஸ்போர்ட்டையும் விசாவையும் பற்றிப் பேசுவது, விருந்துண்டு எழுபவர் கையில் கஷாயத்தைக் கொடுப்பது போன்றது என்பதை அறியாதவர்கள் அல்லோம். ஆயினும் செயற்குழுவினர் இப்பொருளையே எங்களுக்கு ஒதுக்கினர். அதற்குக் காரணமும் உண்டு. சங்க வாசகசாலையில் ஞாயிறுதோறும் மனு எழுதிக் கொடுக்கும் சிறு தொண்டை நாங்கள் மூவர் செய்து வருகிறோம். தொடக்கத்தில் ரேஷன் கார்டும், ஓய்வூதியமும், மின்சாரக் கட்டணத் தகராறுமே எங்கள் மேசைக்கு வந்தன. இப்பொழுது வருவோரில் பெரும்பாலோர் ஒரே கேள்வியோடு வருகின்றனர்: "மகன் வரச் சொல்கிறான், ஓராண்டு ஈராண்டு இருந்துவிட்டு வர எந்த விசா வாங்குவது?"

மாலை வேளையில் நம் காலனித் தெருக்களில் நடந்து பாருங்கள். திண்ணையில் தாத்தா கைப்பேசியை எட்டப் பிடித்துக்கொண்டு பேரனைப் பார்த்துச் சிரிக்கிறார்; பேரன் அங்கே காலைச் சிற்றுண்டி அருந்துகிறான். டொராண்டோ, டாலஸ், மெல்போர்ன், சிங்கப்பூர் என்னும் ஊர்ப் பெயர்கள் நம் வீட்டுப் பெண்டிர் வாயில் நகரி, புத்தூர், ஆரணி என்பவை போலப் பழகிவிட்டன. இவர்களில் எவரும் குடிபெயர விரும்புவோர் அல்லர். நயாகரா அருவியைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பும் உல்லாசப் பிரயாணிகளும் அல்லர். மகளின் பிரசவம், பேரக் குழந்தையின் முதல் இரண்டு ஆண்டுகள், அல்லது துணையை இழந்தபின் தனியே இருக்க இயலாமை, இவையே அவர்களை இழுக்கின்றன. குடியேற்றமும் அன்று, சுற்றுலாவும் அன்று என்னும் இந்த இடைப்பட்ட வாழ்வுக்கு உலகத்துச் சட்டங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பெயர் இட்டிருக்கின்றன; சில நாடுகள் பெயரே இடவில்லை. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பாஸ்போர்ட் என்பது நம் நாடு நமக்குத் தருவது. 1954-இல் இந்திய அரசாங்கம் முதன்முதலாகத் திறந்த ஐந்து பிராந்தியப் பாஸ்போர்ட் அலுவலகங்களில் சென்னையும் ஒன்று. அந்நாளில் பாஸ்போர்ட் கொடுப்பதும் மறுப்பதும் அரசாங்கத்தின் விருப்பமாக இருந்தது. 1967 ஏப்ரலில் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில், வெளிநாடு செல்லுதலும் அரசியலமைப்பு காக்கும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அதே ஆண்டிலேயே பாஸ்போர்ட் சட்டமும் பிறந்தது. ஆகவே பாஸ்போர்ட் கேட்பது நம் உரிமை. விசாவோ பிறர் வீட்டு வாயிலில் நின்று கேட்கும் அநுமதி. அங்கே உரிமை பேச இடமில்லை. நாம் யார், ஏன் வருகிறோம், எப்போது திரும்புவோம் என்று அவர்கள் கேட்பார்கள். நாம் விடை சொல்ல வேண்டும். இந்த வேறுபாட்டை உணராமையால், "ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்தால் ஏஜண்ட் முடித்துத் தருவார்" என்று நம்பி நம்மவர் சிலர் ஏமாந்திருக்கின்றனர். அதைப் பின்னர்ச் சொல்வோம்.

இரண்டாவது குழப்பம் இதனினும் பெரிது. விசாவின் ஆயுள் வேறு. தங்கும் காலம் வேறு. அமெரிக்க விசா நம்மவர்க்குப் பெரும்பாலும் பத்தாண்டுக்குக் கிடைக்கிறது. அது பத்தாண்டு தங்கும் அநுமதி அன்று. பத்தாண்டுக்குள் அந்நாட்டு வாயிலைத் தட்டுவதற்கு உரிய அநுமதி. எத்தனை நாள் தங்கலாம் என்பதை விமான நிலையத்தில் நிற்கும் அதிகாரியே தீர்மானிக்கிறார். அது வழக்கமாக ஆறு மாதம். அந்தத் தேதி ஐ-94 என்னும் பதிவில் ஏறுகிறது. மேலும் தங்க வேண்டுமாயின் அத்தேதி கடக்குமுன் ஐ-539 என்னும் மனுவைப் போட்டுக் காரணம் காட்டிக் கேட்க வேண்டும்.

நம் காலனிப் பெரியவர் ஒருவர் பத்தாண்டு விசாக் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் தம் வீட்டை மூன்று ஆண்டுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு விமானம் ஏறினார். ஆறாம் மாதத்தில் திரும்பினார். குடியிருந்தவரோ ஒப்பந்தத்தைக் காட்டினார். சொந்த வீட்டுக்கு எதிரே இன்னொரு வீட்டில் வாடகைக்கு இருந்து, தம் தென்னை மரத்துத் தேங்காயை அடுத்தவர் பறிப்பதைப் பார்த்துக்கொண்டு அவர் கழித்த நாட்களை, அவரே இங்கு முன்வரிசையில் அமர்ந்து சிரித்துக்கொண்டிருப்பதால், மேலும் விவரிக்க வேண்டுவதில்லை.

அமெரிக்காவைப் பொறுத்தவரை இன்னொன்று. 1952-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தில் 214(பி) என்றொரு விதி உண்டு. வருகின்ற ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிடவே வருகிறார் என்று கொள்ள வேண்டும். அப்படி அன்று என்று மெய்ப்பிப்பது வருபவர் கடமை என்பது அதன் கருத்து. நம்மூர் நீதிமன்றத்தில் குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரையில் ஒருவன் குற்றமற்றவன்; அந்தக் கண்ணாடிச் சன்னலின் முன்போ நிலைமை தலைகீழ். ஆதலால் இங்கே வீடு, நிலம், ஓய்வூதியம், பிற பிள்ளைகள், மடங்கி வருவதற்கு ஒரு வாழ்வு ஆகியவை இருப்பதை இரண்டு மூன்று நிமிடத்துக்குள் சொல்லத் தெரிய வேண்டும். முன்பு 79 வயதைக் கடந்தோர்க்கு நேர்முகம் பெரும்பாலும் விலக்கப்பட்டிருந்தது. 2025 செப்டம்பர் 2 முதல் அவ்விலக்கு எடுக்கப்பட்டுவிட்டது. நமக்கு அண்மையில் உள்ளது சென்னைத் துணைத்தூதரகம். 2008-இல் திறக்கப்பட்ட ஹைதராபாத் அலுவலகமும் உண்டு. 2014 ஜூன் 2-க்குப் பிறகு ஹைதராபாத்தும் நமக்கு அயல் மாநிலமே. ஆக, அயல்நாடு செல்ல விரும்பும் சித்தூர்க்காரன் முதலில் அயல் மாநிலம் சென்றாக வேண்டும்!

நெடுநாள் தங்குதல் என்பதற்கே தனியாக விசா அமைத்த நாடுகளில் கனடா குறிப்பிடத் தக்கது. 2011 டிசம்பர் 1 முதல் அந்நாடு பெற்றோர்க்கும் பாட்டன் பாட்டியர்க்கும் சூப்பர் விசா என்ற ஒன்றை வழங்கி வருகிறது. பத்தாண்டு வரை செல்லும். பன்முறை போய் வரலாம். தொடக்கத்தில் ஒரு முறை போனால் இரண்டு ஆண்டு தங்கலாம் என்று இருந்தது; 2022 ஜூலை 4 முதல் அது ஐந்து ஆண்டாக உயர்ந்தது. எங்கள் மேசைக்கு வரும் மனுக்களில் இதுவே மிகுதி. ஆதலின் இதன் நடைமுறையைச் சற்று விரித்துச் சொல்கிறோம்.

பிள்ளையோ பேரப் பிள்ளையோ அந்நாட்டுக் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருத்தல் வேண்டும். அவர், "என் பெற்றோரை நான் தாங்குவேன்" என்று உறுதி கூறி அழைப்புக் கடிதம் எழுதிக் கையொப்பம் இட வேண்டும். அவர் வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அதற்கேற்ற குறைந்த அளவு வருமானம் அவருக்கு இருத்தல் வேண்டும். இந்தக் கணக்கில் போகின்ற பெற்றோரும் சேர்ந்தே எண்ணப்படுவர். பல பிள்ளைகள் இதை மறந்துவிட்டுத் தம் மனைவி மக்களை மட்டும் எண்ணி, வருமானம் போதும் என்று எழுதிவிடுகின்றனர். அடுத்து மருத்துவக் காப்பு: ஓராண்டுக்குக் குறையாமல், 1,00,000 கனடா டாலருக்குக் குறையாமல், மருத்துவச் செலவு, மருத்துவமனைச் செலவு, தாயகம் அனுப்பும் செலவு ஆகியவற்றைத் தாங்குவதாக இருத்தல் வேண்டும். கடைசியாக, அந்நாடு ஏற்றுக்கொண்ட மருத்துவரிடம் உடற்பரிசோதனை. இத்தனையும் இந்நாட்டில் இருக்கும்போதே முடித்து மனுச் செய்ய வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்தபின் இதைக் கேட்க இயலாது.

மருத்துவக் காப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பெரியவர்களுக்குச் சர்க்கரை நோயையும் இரத்த அழுத்தத்தையும் மறைப்பதில் ஏனோ ஒரு விருப்பம். "சிறிது சர்க்கரை உண்டு, அது கணக்கில்லை" என்பார்கள். காப்பு நிறுவனத்துக்கு அது கணக்குத்தான். முன்னமே இருந்த நோய்க்குக் காப்பு உண்டா, உண்டாயின் எத்தனை மாதம் மருந்தளவு மாறாமல் நிலையாக இருந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் பத்திரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். மறைத்துவிட்டுப் போய், அங்கே நெஞ்சு வலி வந்தால், நிறுவனம் கைவிரிக்கும். ஒரு வாரத்து மருத்துவமனைச் செலவில் மகனின் பல ஆண்டுச் சேமிப்புப் போய்விடும். வேலூர் மருத்துவமனைக் குறிப்புப் புத்தகத்தைப் பெட்டியின் அடியில் ஒளித்து வைக்காமல் மேலே வையுங்கள்.

ஆஸ்திரேலியாவில் 870 என்னும் எண்ணுடைய பெற்றோர் தற்காலிக விசா 2019-இல் வந்தது. மூன்று ஆண்டு அல்லது ஐந்து ஆண்டு. இரண்டாம் முறை கேட்டு மொத்தம் பத்தாண்டு வரை தங்கலாம். பிள்ளை முதலில் தாங்குவோராக அங்கீகாரம் பெற வேண்டும். பிறகே பெற்றோர் மனு. தொடக்கத்தில் மூன்று ஆண்டுக்கு 5,000 டாலரும், ஐந்து ஆண்டுக்கு 10,000 டாலரும் கட்டணம் வைத்தனர். ஒருவருக்கு, தம்பதிக்கு அன்று! பிரிட்டனில் வாயில் மிகவும் குறுகியது. நீண்ட காலப் பார்வையாளர் விசா பத்தாண்டு வரை தருவார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் ஆறு மாதமே. நிலையாகப் பிள்ளையோடு இருக்க வேண்டுமாயின், 2012 ஜூலையில் இறுக்கிய விதிப்படி, நாள்தோறும் பிறர் பராமரிப்பு இன்றி இயலாதவர் என்றும், பணம் கொடுத்தாலும் அப்பராமரிப்பு இந்தியாவில் கிடைக்காது என்றும் மெய்ப்பிக்க வேண்டும். நடக்க முடிகிறவர்க்கு அது இல்லை. நடக்க முடியாதவர் விமானம் ஏறுவது எவ்வாறு என்று நாங்கள் பலமுறை எண்ணியதுண்டு. சிங்கப்பூரில், மாதம் 12,000 சிங்கப்பூர் டாலருக்குக் குறையாத நிலையான சம்பளம் பெறும் எம்ப்ளாய்மென்ட் பாஸ் உடையவர் பெற்றோரை நீண்ட காலப் பாஸில் அழைத்துக்கொள்ளலாம்.

"அமெரிக்கக் குடிமகனாகிவிட்ட மகன் பச்சை அட்டையே வாங்கித் தருவானே, எதற்கு இந்தத் தொல்லை?" என்று கேட்பவர் உண்டு. 21 வயது நிறைந்த குடிமகன் தன் பெற்றோர்க்கு அதைக் கேட்கலாம் என்பதும், அதற்கு ஆண்டு வரம்பு இல்லை என்பதும் உண்மை. ஆனால் பச்சை அட்டை பெற்றவர் அங்கே வாழ்பவராகவே இருத்தல் வேண்டும். ஊருக்கு வந்து ஓராண்டுக்கு மேல் தங்கினால் அட்டைக்கு ஆபத்து. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்கும், புரட்டாசிக்குத் திருமலைக்கும் போக வேண்டும் என்று நினைப்பவர்க்கு அது பொருந்தாத சட்டை.

இனி நமக்கே உரிய தொல்லைகளுக்கு வருவோம். விசா மனுவில் முதல் கட்டமே பெயர். அங்கேயே நம்மவர் தடுக்கி விழுகின்றனர்.

இப்பகுதித் தெலுங்கு அன்பர்களுக்கு இண்டிப்பேரு என்று குடும்பப் பெயர் ஒன்று உண்டு. அது இயற்பெயருக்கு முன்னே நிற்கும். தமிழர்க்கு அது இல்லை. தகப்பனார் பெயரின் முதலெழுத்தே முன்னே நிற்கும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது ஆசிரியர் இண்டிப்பேரு என்ன என்று கேட்டார். ஒரு வீட்டார் தகப்பனார் பெயரைச் சொன்னார்கள். ஒரு வீட்டார் ஊர்ப் பெயரைச் சொன்னார்கள். ஒரு வீட்டார் சாதிப் பெயரைச் சொன்னார்கள். வாயடைத்து நின்றவர்க்கு ஆசிரியரே ஒன்றை எழுதிக்கொண்டார். கோவிந்தசாமி மகன் முருகேசன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றில் ஜி. முருகேசன், வாக்காளர் அட்டையில் முருகேசன் முதலி, ஆதாரில் முருகேசன் கோவிந்தசாமி, நிலப் பட்டாவில் தெலுங்கு எழுத்தில் முருகேசம். நால்வரும் ஒருவரே என்பது தெருவுக்குத் தெரியும். விசா அதிகாரிக்குத் தெரியாது. பாஸ்போர்ட்டில் முதலெழுத்துக்கு இடமில்லை. விரித்தே எழுத வேண்டும். விரிக்காமல் ஒற்றைப் பெயராகவே பாஸ்போர்ட் வாங்கியவர்க்கு அமெரிக்க மனுவில் முதற்பெயர் தெரியவில்லை என்பதைக் குறிக்கும் எஃப்.என்.யூ. என்ற மூன்று எழுத்தே முதற்பெயராக அமைந்துவிடும். நம் பாட்டி ஒருவரை அங்கே மருத்துவமனையில் "திருமதி ஃப்நூ" என்று கூப்பிட்டனராம்! ஐக்கிய அரபு நாடுகளோ 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையோர் பார்வையாளர் விசாவில் நுழையலாகாது என்றே அறிவித்தன. பின்னர், பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தகப்பனார் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று தளர்த்தினர்.

இது புதுக் கதை அன்று. 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல் நேட்டால் நாட்டு டர்பன் துறையை அடைந்தது. அதன்பின் அரை நூற்றாண்டு காலம் சென்ற ஒப்பந்தக் கூலிகளில் வட ஆற்காட்டு ஜில்லாவினர் மிகப் பலர். 1911 வரை அந்த ஜில்லாவின் தலைநகரம் நம் சித்தூர்தான். அவர்களுக்கும் ஐந்து ஆண்டு ஒப்பந்தம்! பெயர், தகப்பன் பெயர், ஜில்லா, தாலூகா, கிராமம் என்று குமாஸ்தா காதில் விழுந்தவாறு எழுதிக்கொண்டார். முதலி அங்கே மூட்லி ஆனார். கவுண்டர் கவெண்டர் ஆனார். அவ்வெழுத்துக் கூட்டே இன்று அவர்தம் கொள்ளுப்பேரர்களின் குடும்பப் பெயர். அவர்களில் சிலர் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் (ஓ.சி.ஐ.) அட்டை பெறுவதற்கு அந்தப் பழைய கப்பல் ஏட்டையே ஆதாரமாகத் தேடுகின்றனர். ஒரு குமாஸ்தாவின் பேனா நூற்றைம்பது ஆண்டு நிற்கிறது.

பெயரை அடுத்துப் பிறந்த ஊர். வேறெந்த ஊர்த் தமிழருக்கும் இல்லாத சிக்கல் இங்கு நமக்கு உண்டு. 1952-இல் திருத்தணியில் பிறந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் பிறந்தபோது அது சென்னை ராஜ்யத்துச் சித்தூர் ஜில்லா. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர ராஜ்யம், 1956 நவம்பர் 1-இல் ஆந்திரப் பிரதேசம், எல்லைப் போராட்டமும் படாஸ்கர் தீர்ப்பும் கண்டபின் 1960 ஏப்ரல் 1-இல் மீண்டும் சென்னை ராஜ்யம், செங்கற்பட்டு ஜில்லா, 1969-இல் தமிழ்நாடு, 1997-இல் திருவள்ளூர் மாவட்டம். அதே 1960 ஏப்ரலில் சத்தியவேடு எதிர்த் திசையில் ஆந்திரத்துக்கு வந்தது. இன்று திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. திருப்பதியே 2022 ஏப்ரல் 4 வரையில் சித்தூர் மாவட்டம். அன்றுமுதல் தனி மாவட்டம். ஊர் ஓரடி நகரவில்லை; பிறந்தவரும் நகரவில்லை; தாள்கள் மட்டும் நகர்ந்துகொண்டே இருந்தன. பள்ளிச் சான்று சித்தூர் என்கிறது, பாஸ்போர்ட் திருவள்ளூர் என்கிறது; எது பொய் என்று அயல்நாட்டு அதிகாரி ஐயுறுவது இயல்பே. இதற்கு நாங்கள் கையாளும் முறை எளிது. மனுவில் இன்றைய மாவட்டத்தை எழுதிவிட்டு, ஒரே பக்கத்தில் இந்த வரலாற்றை ஆண்டு முறையாக எழுதி, 1959-ஆம் ஆண்டின் ஆந்திரப் பிரதேச-சென்னை எல்லை மாற்றச் சட்டத்தைச் சுட்டி இணைத்துவிடுகிறோம்.

பிறந்த தேதியும் அவ்வாறே. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல்தான் வந்தது. அதற்கு முன் நம் கிராமத்தில் பிறந்தோர் பலர்க்குச் சான்று இல்லை. தலைமை ஆசிரியர் ஜூலை முதல் தேதி என்று எழுதிவிட்டார். ஜாதகம் மாசி மாதம் என்கிறது. இதில் ஜாதகத்தை மறந்துவிடுங்கள். எல்லாத் தாளிலும் ஒரே தேதி இருப்பதே முக்கியம். கலியாணத்துக்கும் பதிவு இல்லை. ஐம்பது ஆண்டுக்கு முன் வீட்டுப் பந்தலில் தாலி கட்டியவர்கள் இருவரும் இருக்கும்போதே சார்பதிவாளர் அலுவலகம் சென்று பதிந்துகொள்வது நன்று. ஒருவர் போனபின் மற்றவர் படும் பாடு பெரிது. இதைச் சொல்லும்போது சில முகங்கள் வாடுகின்றன. ஆயினும் சொல்லியாக வேண்டும்.

இப்பொழுது, முன்னே சொல்லாமல் வைத்ததைச் சொல்கிறோம். விசா மனுக்களில் பலவும், "இதற்குமுன் எந்த நாடேனும் உமக்கு விசா மறுத்ததுண்டா?" என்று கேட்கின்றன. கனடாவின் சட்டத்தில், முக்கியமான ஒன்றைத் தவறாகக் கூறியவர் ஐந்து ஆண்டு அந்நாட்டுக்குள் நுழையத் தகுதி இழக்கிறார். தவற்றை ஏஜண்ட் செய்தாலும் பழி கையொப்பம் இட்டவர் தலையிலேயே விழும். நாடுகள் இச்செய்திகளைத் தம்முள் பகிர்ந்துகொள்கின்றன.

அத்தகைய தடை ஒன்று நம் காலனியிலேயே வந்து அமர்ந்தது. கணவரை இழந்த தாயார் ஒருவர். எந்தத் தெரு என்று சொல்லமாட்டோம். ஒரே மகன் கடல் கடந்த நாட்டில் இருக்கிறான். 2017-இல் அவர் வேறொரு நாட்டுக்கு, மகளைப் பார்க்க, விசாக் கேட்டு நேர்முகத்துக்குப் போனார். சன்னலுக்கு அப்பால் இருந்தவர் இரண்டு கேள்வி கேட்டுச் சிரித்த முகத்துடன் ஒரு சீட்டைக் கொடுத்தார். ஆங்கிலம் அறியாத அத்தாயார் அதை ரசீது என்றே எண்ணி, நான்காக மடித்து, சுவாமி படத்தின் பின்னே வைத்துவிட்டார். அது மறுப்புச் சீட்டு. மகள் பிறகு இந்தியாவுக்கே வந்துவிட்டமையால் அந்தப் பேச்சும் மறைந்தது.

2023-இல் மகனிடம் செல்ல மனுப் போட்டனர். கடைத்தெரு ஏஜண்ட் ஒருவர் படிவத்தை நிரப்பினார்; மறுப்பு உண்டா என்ற கட்டத்தில், கேட்காமலே, இல்லை என்று குறித்தார். பிறகு அந்தப் பிரதியை எங்கள் மேசைக்குக் கொண்டுவந்து காட்டினார் அத்தாயார். நாங்கள் பெயரைப் பார்த்தோம், ஊரைப் பார்த்தோம், தேதியைப் பார்த்தோம், திருத்தணி வரலாற்றை வழக்கம்போல் எழுதிக் கொடுத்தோம். அந்த ஒரு கட்டத்தைக் கேட்கவில்லை. "முன்பு எங்கேனும் விசாக் கேட்டதுண்டா, அம்மா?" என்ற ஐந்து சொல்லை எங்களுள் ஒருவர் சொல்லியிருந்தால் சுவாமி படத்தின் பின்னே இருந்த சீட்டு வெளியே வந்திருக்கும். வெளிநாட்டு அலுவலகம் உடனே தள்ளிவிடவும் இல்லை. விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியது. அது ஏஜண்டின் மின்னஞ்சலுக்குப் போயிற்று. அவர் அதைக் காட்டவே இல்லை. குறித்த நாள் கடந்தது. 2028 வரை தடை.

மகன் ஆண்டுக்கு ஒரு முறை மூன்று வாரம் வந்து போகிறான். பேத்தியை இருமுறை அழைத்து வந்தான். அத்தாயார் எங்களை ஒருநாளும் குறை கூறியதில்லை. ஞாயிறுதோறும் வாசகசாலைக்கு வந்து, பிறர் மனுக்களை எழுதும்போது பக்கத்தில் அமர்ந்திருக்கிறார். புதிதாய் வருவோர் எவராயினும், நாங்கள் பேனாவை எடுக்குமுன் அவரே, "முன்னாடி எங்கேயாச்சும் கேட்டிருக்கியாம்மா? வீட்டுல சீட்டு ஏதாச்சும் இருக்கான்னு பாரு" என்று கேட்டுவிடுகிறார். அக்கேள்வியால் இதுவரை இரண்டு குடும்பத்தின் மனு திருத்தப்பட்டது. மறுப்பு இருந்தது என்று எழுதி, காரணத்தையும் எழுதினோம்; இருவர்க்கும் விசாக் கிடைத்தது. பழைய மறுப்பு தடை அன்று. அதை மறைப்பதே தடை.

இன்னும் சில சிறு செய்திகள். மனுவில் உங்கள் மின்னஞ்சலையோ பிள்ளையின் மின்னஞ்சலையோ கொடுங்கள். ஏஜண்டினுடையதை மட்டும் கொடாதீர்கள். கையொப்பம் இடுமுன் ஒவ்வொரு கட்டத்தையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் தரும் உயிர்வாழ் சான்றை வெளிநாட்டிலிருந்து கொடுக்க வழி உண்டு. புறப்படுமுன் கருவூலத்திலோ பாங்கியிலோ கேட்டு வையுங்கள். இல்லையேல் உயிரோடு இருந்தும் கணக்கில் இறந்தவராவீர்கள். மருந்துச் சீட்டை மூலப் பெயரோடு ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள்.

போவதா வேண்டாமா என்ற கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. ஈராண்டு இருந்து வந்த தம்பதியர் சிலர், பேரன் தமிழில் "தாத்தா, கதை" என்று கேட்டதற்காகவே போய் வந்தோம் என்றனர். வேறு சிலர், பகல் முழுதும் பூட்டிய வீட்டில் பனியைப் பார்த்துக்கொண்டு இருந்ததாகவும், பேச ஆளின்றி வாய் மறந்ததாகவும் சொன்னார்கள். முதல் முறை ஐந்து ஆண்டு உரிமை இருந்தாலும் ஆறு மாதத்துக்குத் திரும்பும் சீட்டோடு போய்ப் பாருங்கள் என்பது எங்கள் கருத்து. பிள்ளைகள் இதை விரும்பமாட்டார்கள்.

வரும் ஞாயிறு முதல் வாசகசாலை காலை பத்து மணிக்குத் திறந்திருக்கும். பாஸ்போர்ட், ஆதார், பள்ளிச் சான்று, கலியாணப் பத்திரிகை, பழைய விசாத் தாள்கள் அனைத்தையும் கொண்டு வாருங்கள். சுவாமி படத்தின் பின்னேயும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.